முகம் வரைதல்

துன்பக் காலங்களைச் சிறுவர்க்கு எவ்வாறு உரைப்பது என்னும் வினாவை நம்மவர் பெரும்பாலும் மௌனத்தினாலேயே தீர்த்து வந்துள்ளனர். வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இன்று தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. 1983 யூலையில் அப்பகுதியில் எரிந்த வீடுகளைப்பற்றி அம்மாடிகளில் வளரும் பிள்ளைகள் அறிந்திருப்பது சொற்பமே.

சித்திரங்களோடு கூடிய வரலாற்றுப் புனைகதை இம்மௌனத்தைக் கலைக்க ஏற்ற சாதனம் என்பர். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் எழுத்துக்கு இல்லாத ஓர் இக்கட்டு சித்திரத்துக்கு உண்டு. கூட்டம் வந்தது, வீடு எரிந்தது என எழுதுபவன் எவரையும் காட்டாது தப்பிவிடலாம். ஓவியனுக்கு அவ்வசதி இல்லை. தீப்பந்தம் ஏந்திய கைக்கு உரியவனை அவன் வரைந்தேயாக வேண்டும். அந்த முகத்தைப் பத்து வயதுப் பிள்ளை மறுநாட் காலையிலே பேருந்தில் தேடும்.

கோரப் பல்லும் சிவந்த விழியுமாக ஓர் அரக்கனை வரைந்துவிடுவது எளிது. அம்புலிமாமா படித்து வளர்ந்த நமக்கு அது பழகிய வழியுங்கூட. ஆனால் அது பொய். 1983இல் வந்தவர்களுட் சிலர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளை இனங்கண்டனர். அரக்கர் இடாப்புப் பார்ப்பதில்லை. அதற்கு எழுத்தறிவும் ஒழுங்கும் அலுவலகமும் வேண்டும். முகத்துக்கும் பகைக்கும் தொடர்பில்லை என்பதற்குக் கொட்டாஞ்சேனையே சான்று. அதற்குச் சரியாக நூறாண்டு முன், 1883இல், உயிர்த்த ஞாயிறன்று அங்கே பௌத்தரும் கத்தோலிக்கரும் மோதினர். அவர்களை முகத்தைக்கொண்டு எவரும் பிரித்தறிந்திருக்க முடியாது.

தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள அயலவரும் பலர். அவர்களையும் வரைதல் வேண்டும். எனினும், கசப்பு மருந்துக்குப் பின் கொடுக்கும் கற்கண்டாக அவர்களைக் கடைசிப் பக்கத்தில் வைப்பது அவர்தம் துணிவுக்கே இழுக்கு.

இவ்விடத்தில் யப்பானியரான நகசாவா கெயிஜியை நினைக்கின்றேன். ஹிரோசிமாவிலே குண்டு விழுந்தபோது அவர் ஆறு வயதுச் சிறுவர். 1973இல் தொடங்கிய தமது ‘வெறுங்கால் கென்’ என்னும் சித்திரக்கதையில் அவர் குண்டை மட்டும் வரையவில்லை. போரை எதிர்த்த தந்தையைத் துரோகி எனத் தூற்றிய அயலவரையும் வரைந்தார். 2012இல் மட்சுவே நகரக் கல்விச்சபை அந்நூலைப் பள்ளி நூலகங்களில் மாணவர் கைக்கு எட்டாதவாறு வைக்கப் பணித்தது. கண்டனம் எழவே அடுத்த ஆண்டு அக்கட்டுப்பாடு நீங்கியது. அங்கே ஆட்சேபத்துக்குள்ளானவை அணுகுண்டுப் பக்கங்களல்ல. யப்பானியப் படையினர் ஆசிய நாடுகளில் இழைத்த கொடுமைகளைக் காட்டிய பக்கங்கள்.

நாம் எழுதக்கூடிய நூலில் அத்தகைய பக்கம் எது? 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்களை விட்டு அவர்கள் நடந்தனர். அப்பக்கத்தில் ஓவியன் வரையவேண்டிய முகம் தமிழ் முகம். துவக்கு ஏந்தியவனை வரைந்தாற் போதாது. படலைக்கு உள்ளே நின்றவர்களையும் வரைய வேண்டும். முன்பக்கங்களில் 1983இன் நல்ல அயலவரைக் கண்டுவந்த பிள்ளை, இவர்கள் ஏன் ஒருவரையும் ஒளித்துவைக்கவில்லை என்று கேட்கும். பெற்றோருட் சிலர் அவ்விடத்தில் நூலை மூடிவிடவும் கூடும்.