ஆயிரம் ரூபாயும் ஆண்டையின் சினமும்

"கொடுத்துக் கொடுத்தே கெடுத்துவிட்டார்கள் நாட்டை!" திண்ணையிலே சாய்ந்தபடி ஒருவர் சொல்கிறார். தேநீர்க் கடையிலே ஏட்டைப் புரட்டியபடி இன்னொருவர் ஆமோதிக்கிறார். தொலைக்காட்சியிலே தோன்றும் பொருளாதார மேதையோ அதே கருத்துக்குப் புள்ளிவிவரப் பட்டாடை போர்த்திப் பேசுகிறார். மூவரின் மொழி வேறு, மூலம் ஒன்று. ஏழையின் கையில் காசு கொடுத்தால் அவன் சோம்பேறியாவான், குடிப்பான், கெடுவான்! ஆகவே கொடுப்பது அறமல்ல! கேள்வியை எழுப்பிவிட்டார்கள், நல்லது. விடை தேடுவது பகுத்தறிவாளன் கடமை. தேடுவோம், தோழர்களே!

2023 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். அவர் பிறந்த காஞ்சியிலே கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய். பொருளாக அல்ல, பணமாக. கணவன் வழியாக அல்ல, நேராக அவள் வங்கிக் கணக்கிலே. 'உதவி' என்று பெயரிடவில்லை. 'உரிமை' என்று பெயரிட்டார்கள். அந்த ஒரு சொல்தான் பலர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

சோம்பேறிக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். 1,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 33 ரூபாய். ஐவர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023-24இல் தமிழ்நாட்டுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி 294 ரூபாய். மூன்றரை நாள் கூலிக்கும் குறைவான தொகை! அதை வாங்கிக் கொண்டு முப்பது நாளும் படுத்துறங்கும் மனிதன் எந்தச் சேரியில் இருக்கிறான்? எந்தக் குப்பத்தில் இருக்கிறான்? காட்டட்டும், கண்டு மகிழ்வோம்!

அப்படியானால் இவ்வளவு சிறு தொகைக்கு ஏன் இவ்வளவு பெரிய சினம்? அங்கேதான் செய்தி இருக்கிறது.

கீழத் தஞ்சைச் சிற்றூர் ஒன்றிலே ஒரு குடும்பம். நிலமற்ற உழவுத் தொழிலாளி; அவன் மனைவியும் கூலிக்காரி; அரசுப் பள்ளியில் இரு பிள்ளைகள்; முதிய தாய். நான் புனைந்த குடும்பம்தான். ஆயினும் அந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இதைக் காணலாம். நியாயவிலைக் கடை அரிசி 2011 முதல் விலையின்றிக் கிடைப்பதால் உலை கொதிக்கும். ஆனால் எண்ணெய்க்குக் காசு வேண்டும். பருப்புக்குக் காசு வேண்டும். கிழவியின் மருந்துக்கும், பிள்ளையின் குறிப்பேட்டுக்கும், எரிவாயு உருளைக்கும் காசு வேண்டும். தை அறுவடை முடிந்ததும் வயல் ஓய்ந்துவிடுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு, வேலை உண்டு. 2024இல் அந்த நாள் வந்தது, போயிற்று. அணையில் நீர் போதவில்லை; மதகு திறந்தது ஜூலை இறுதியிலேதான். அந்த நீண்ட கோடையிலே அக்குடும்பம் தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று வட்டிக்காரர் கதவு. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. சட்டம் கோட்டையிலே இருக்கிறது, வட்டிக்காரர் கோடித் தெருவிலே இருக்கிறார். மற்றது நிலக்காரர் கதவு.

"ஐயா, ஒரு ரெண்டாயிரம்..."

"வாங்கிக்க. நடவுக்கு முதல்ல நம்ம வயலுக்கு வந்துடணும். கூலியை அப்புறம் பாத்துக்கலாம்."

'பார்த்துக்கொள்ளலாம்' என்றால் குறையும் என்று பொருள். அகராதியில் இல்லாத பொருள். ஆனால் சேரியில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். கோடையிலே வாங்கிய இரண்டாயிரம், நடவிலே அவள் கூலியைக் குறைக்கும். முன்னும் பின்னும் நிற்க வேண்டிய நேரத்தைக் கூட்டும். எதிர்த்துப் பேச வேண்டிய இடத்தில் வாயைக் கட்டும். பண்ணையாள் முறையைக் கட்டுப்படுத்த 1952இல் சட்டம் பிறந்தது, உண்மை. ஆனால் முன்பணம் என்னும் மெல்லிய கயிறு, பழைய சங்கிலி செய்த வேலையை ஓசையின்றிச் செய்து வந்தது.

அந்த வீட்டுக்குத்தான் மாதம் ஆயிரம் வந்தது. ஆயிரத்தால் மாடி எழவில்லை. மஞ்சள் உலோகம் மின்னவில்லை. வேலையில்லாத நான்கு மாதங்களில் நாலாயிரம், அவ்வளவே. ஆனால் அந்த நாலாயிரம் இருந்ததால், நிலக்காரரிடம் அவள் ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தது: "இந்த வருஷம் முன்பணம் வேண்டாங்க."

வேண்டாம்! இந்தச் சொல்லைத்தான் அவளிடமிருந்து காலமெல்லாம் பறித்து வைத்திருந்தார்கள். மறுக்க முடியாதவன் ஒப்புக்கொள்வது ஒப்பந்தம் அல்ல. பசியை ஒரு தட்டிலும் கூலியை மறுதட்டிலும் வைத்து, "நீயாகத்தானே ஒப்புக்கொண்டாய்?" என்று கேட்பது நீதியும் அல்ல. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து கரியானது எதற்காக? கூலியை உயர்த்தக் கேட்டு நின்ற தொழிலாளர் குடும்பங்கள் அவை. 'முடியாது' என்று சொல்வதற்கு அந்த மண்ணில் கேட்கப்பட்ட விலை அது. "வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று இன்று புலம்புகிறவரின் குரலை உற்றுக் கேளுங்கள்: சொன்ன கூலிக்கு, சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி குனிந்து வர ஆள் கிடைக்கவில்லை என்பதே அதன் முழு வாசகம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் 2011-12இல், 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் துணையோடு ஒரு சோதனை நடத்தியது. எந்த நிபந்தனையும் இன்றி, பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. பின்பு 300, 150. சிறு உழவர்கள் பிறர் வயலில் கூலிக்குப் போவதைக் குறைத்தார்கள். உறங்குவதற்காக அல்ல, தம் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைப்பதற்காக. ஆடு மாடு வாங்கினார்கள், கடனைக் குறைத்தார்கள். சாராயக் கதைக்கும் விடை உண்டு. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவான்சும் அன்னா போப்போவாவும், உதவிப் பணம் பெற்றதால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்று 2014இல் எழுதினார்கள்.

ஆனாலும் கணக்குக் கேட்கிறார்கள். "அந்த ஆயிரத்தை என்ன செய்தாள்?" ஆசிரியனாகிய என் ஊதியமும் மக்கள் வரிப்பணமே. அகவிலைப்படி உயர்ந்தபோது, "என்ன செய்தாய்?" என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய உழவர் நிதித் திட்டம், நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்றது. அந்த நிலத்திலே நாற்று நட்ட நிலமற்றவளுக்கு அதில் ஒரு காசும் இல்லை! நிலம் உள்ளவனுக்குக் கொடுத்தால் ஊக்கம். இல்லாதவளுக்குக் கொடுத்தால் இலவசம்!

இப்பார்வை புதிதல்ல. பல்லவரும் சோழரும் பிரம்மதேயம் என்று ஊர் ஊராய் வரி நீக்கி வழங்கினார்களே, அதைப் பெற்றவர்கள் சோம்பேறியாவார்கள் என்று எந்தப் புலவர் கவலைப்பட்டார்? அதற்குப் பெயர் தானம். கொடுத்த மன்னனுக்குப் புண்ணியம். தானம் மேல்நோக்கிப் பாயும்போது தர்மமாகிறது. கீழ்நோக்கி ஒரு துளி சிந்தினால் நாடு கெடுகிறது! அந்தத் தானத் தத்துவத்திலே ஏழை ஒரு கருவி. சீமான் சொர்க்கம் ஏறும் ஏணிப்படி. ஏணிப்படிக்கு உரிமை ஏது? வள்ளுவர் இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வகுத்தாரே, அந்த அச்சத்தை ஏழைக்கு மட்டும் மறுப்பது எந்த அறம்? உரிமைத்தொகை இரவலர் கூட்டத்தைப் பெருக்குகிறது என்பது தலைகீழ்ப் பேச்சு. மிராசுதார் வாசலில் நடந்த இரத்தலை அது கொஞ்சம் குறைத்தது.

வீட்டுக்குள்ளும் ஓர் ஆண்டை உண்டு. அவர் பெயர் கணவர். 2019இல் ஒன்றிய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாள்தோறும் 299 நிமிடம் தருகிறாள். ஆணோ 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்புக்கு 33 ரூபாய் என்றால், மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. இதைக் கூலி என்று சொல்ல நா கூசுகிறது. எனினும் 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டதே, அதைத் தமிழ்நாட்டில் சட்டமாக்க 1989 வரை அறுபது ஆண்டு பிடித்ததே, அந்த நீண்ட வழியில் இதுவும் ஓர் அடி. அதே 1989இல் எட்டாம் வகுப்பு படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவி வந்தது. 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அத்திட்டம் மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி செல்ல மாதம் 1,000 ரூபாயாயிற்று. தாலிக்குத் தங்கம் கொடுத்த அரசு, "இப்போது கல்யாணம் வேண்டாம்" என்று ஒரு பெண் சொல்லத் துணை நின்றதே! இது என் கண்ணுக்கு ஆயிரத்தினும் பெரிது.

குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்; நம்மவர் செய்ததாயிற்றே என்று நாவை அடக்குவது பகுத்தறிவல்ல. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மகளிர் உரிமைத்தொகைக்கு 13,720 கோடி ரூபாய். 2023-24இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். மனைவியின் கணக்கில் 15ஆம் நாள் விழுந்தது. கணவனின் சட்டைப்பையிலிருந்து எல்லா நாளும் போயிற்று. ஒரே கருவூலம்! காசு பெற்றவள் குடித்துவிடுவாள் என்று கூவிய கூட்டம், இந்தக் கணக்கை மட்டும் மெதுவாகவே பேசுகிறது.

இன்னொன்று. உரிமை என்று பெயர் சூட்டிவிட்டு மனு வாங்கினார்கள். 2023இல் விண்ணப்பித்தோர் 1 கோடியே 63 லட்சம். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் தள்ளப்பட்டனர். பின்னர் மேலும் பலர் சேர்க்கப்பட்டது உண்மை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நன்செய் ஐந்து ஏக்கரைத் தாண்டக் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 அலகைத் தாண்டக் கூடாது என்ற வேலிகளை நான் குறை கூறவில்லை. சீமாட்டிக்கு ஏன் ஆயிரம்? ஆனால் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரே பெண் என்ற விதி இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒரே அட்டையில் மாமியாரும் இரு மருமக்களும். மூவரும் கோழி கூவுமுன் எழுகிறார்கள், மூவர் முதுகும் வயலில் வளைகிறது, மூவரும் அடுப்பூதுகிறார்கள். ஒருத்தி மட்டும் 'தலைவி'. மற்ற இருவரும் அந்தத் தலைவியிடமோ, பழையபடி ஐயா வாசலிலோ கையேந்த வேண்டும். அவர்கள் இருவரும் 'வேண்டாம்' என்று சொல்ல எந்தக் கணக்கில் பணம் விழும்?