வௌவாலின் கை

வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று 1974-ல் தாமஸ் நேகல் கேட்டார். உள்ளிருந்து அதை நம்மால் அறிய முடியாது என்பது அவர் கட்சி. எதிரொலி கேட்டு வழி காணும் உயிராயிற்றே!

அவர் காதைப் பிடித்துக்கொண்டு கையை விட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. வௌவாலின் சிறகு வேறொன்றுமில்லை, கைதான். தோளருகே பின்னிப் பிரிகிற அதே நரம்புக் கற்றை. ரேடியல், மீடியன், அல்நார் என்று நம் கையில் ஓடுகிறவைதான் அதிலும் ஓடுகின்றன. நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோலில் எளிதில் கண்ணுக்குப் படாத முடிகள். காற்றின் போக்கை அவை சொல்லும். முடியை நீக்கிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள்: வேகம் கூடியது, வளைந்து திரும்புவதில் நுணுக்கம் போயிற்று. ஈரக் கையை நீட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்போமில்லையா, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

நரம்பு ஒன்றானால் வலியும் ஒன்றாகிவிடுமா என்றால், ஆகாது. அங்கே நேகல் ஜெயிக்கிறார். ஆனால் 1793-ல் இத்தாலியில் ஸ்பல்லன்சானி வௌவால்களின் கண்களைப் பறித்துவிட்டுப் பறக்கவிட்டார், பறந்தன. வௌவால் கண்ணை நம்பிப் பறக்கவில்லை என்று அப்படித்தான் தெரிந்தது, மறுக்கவில்லை. அதற்காக, ‘உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது’ என்பதைக் கத்தி எடுக்க அனுமதியாக வாசிக்க முடியுமா? பிடித்திருந்த விரல்களுக்கும் பிடிபட்ட விரல்களுக்கும் நரம்பு ஒரே வழியில்தானே போயிற்று.