இலை மடித்த பின்னும் உள்ள அறம்

சைவ மக்கள் உணவை வெறுமனே பசி தீர்க்கும் பொருளாகக் கொள்வதில்லை. அடுப்பில் வெந்தபோது அது சோறு. இறைவனுக்குப் படைக்கும்போது அது நைவேத்தியம். அடியார்களுக்கு அளிக்கும்போது அது திருவமுது. மடைப்பள்ளியில் சமைப்பவர் நீராடி, ஆசாரத்துடன், சுவை பாராமல் சமைக்கின்றார். அன்னதானப் பந்தியில் இருப்பவர் இலையில் விழும் முதற் பிடி சோற்றைக் கைகூப்பி ஏற்கின்றார். இவ்வளவு பயபக்தியுடன் தொடங்கும் அன்னத்தின் பயணம் எங்கே முடிகின்றது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

திருவிழாக் காலத்தில் அன்னதான மடத்தின் பின்புறம் சென்று பார்ப்பவருக்கு அதன் விடை தெரியும். பந்தி எழுந்ததும் மடித்த இலைகள் குவிகின்றன. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாயசம் யாவும் பொலித்தீன் தாள்களோடும் பிளாஸ்ரிக் குவளைகளோடும் கலந்து கிடக்கின்றன. இரண்டாம் நாள் இலையான் மொய்க்கின்றது. மூன்றாம் நாள் அவ்வழியே செல்வோர் மூக்கைப் பொத்துகின்றனர். அரை மணி நேரத்திற்கு முன் கைகூப்பி ஏற்கப்பட்ட அதே அன்னந்தான் இது. இடையில் மாறியது அன்னத்தின் தன்மையா, அல்லது மனிதரின் பார்வையா? இக்கேள்வி கோயிலுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் நாள்தோறும் எழ வேண்டிய கேள்வி இது.

சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலை நிர்மாலியம் எனப்படும். அது வாடிவிட்டது என்பதற்காக யாரும் அதைத் தெருவில் வீசுவதில்லை. கால் மிதிபடாத இடத்தில் அதைச் சேர்ப்பதே மரபு. பயன் முடிந்த பூவுக்கும் ஒரு மரியாதை உண்டு என்பதை இவ்வழக்கம் உணர்த்துகின்றது. பூவுக்கு உள்ள மரியாதை சோற்றுக்கும் இருக்க வேண்டுமல்லவா?

சோற்றின் அருமையை இம்மண்ணின் மக்களுக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. 1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் பெருமான் கஞ்சித் தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 2009 இல் வன்னியில் இறுதிப் போரின்போது அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியே பலருக்கு உணவாயிற்று. அந்நினைவாக இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் கஞ்சி வார்க்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மூன்று வேளை உண்டவர்கள் இரண்டு வேளையாகக் குறைத்துக் கொண்டதும் மறக்கக்கூடியதன்று. அத்தகைய மக்கள் வாழும் ஊரிலும் சோறு குப்பையாகின்றது.

உலக அளவிலும் நிலைமை இதுவே. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 105 கோடித் தொன் உணவு வீணாயிற்று. அதில் 60 வீதம் வீடுகளிலிருந்து சென்றது. இவ்வாறு எறியப்படும் உணவு குப்பை மேட்டின் அடியில் காற்றின்றி அழுகும்போது மெதேன் என்னும் வாயு உண்டாகின்றது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது, வளியை வெப்பமாக்குவதில் இது காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு வலிமையுடையது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல வீடுகளில் பொலித்தீன் பையில் கட்டி எறியப்பட்டவை சேர்ந்தே அந்த மலை எழுந்தது. எறிந்தவர்கள் எவரும் கொலை செய்ய எண்ணியவர்கள் அல்லர். தம் வளவுக்கு வெளியே சென்றதோடு தம் பொறுப்பும் முடிந்தது என்று எண்ணியவர்களே.

அப்பொறுப்பு உண்மையில் முடிகின்றதா என்பதற்குச் சைவ சித்தாந்தம் ஒரு தெளிவைத் தருகின்றது. உள்ள பொருள் இல்லாமற் போவதில்லை, அது தன் காரணத்தில் ஒடுங்கி நிற்கின்றது என்பது சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமும், உலகம் தான் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீளத் தோன்றும் எனக் காட்டுகின்றது. இறைவனின் ஐந்தொழில்களில் சங்காரம் என்பதற்கு அழித்து ஒழித்தல் என்று பொருள் கொள்ளாமல், களைத்த உயிர்களை இளைப்பாற்றும் அருட்செயல் என்றே பெரியோர் விளக்கினர். உலகம் முழுவதற்கும் பொருந்தும் இவ்வுண்மை ஒரு வாழைக்காய்த் தோலுக்குப் பொருந்தாமற் போகாது. எறிந்த சோறு எங்கும் மறைவதில்லை. ஒன்றில் அது நாற்றமாகவும் நோயாகவும் மீளும்; அல்லது மண்ணில் ஒடுங்கிப் பயிராக மீளும். எவ்வாறு மீள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எறிபவரின் கை.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அக்காலத்தில் ‘தோட்டத்துக்குக் குப்பை ஏற்றுதல்’ என்றால் வண்டில் பிடித்துச் செல்வத்தை ஏற்றுதல் என்றே பொருள். கழுநீர் மாட்டுக்குச் சென்றது. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குச் சென்றது. பூவரசங் குழையும் பனையோலையும் நிலத்தில் தாழ்க்கப்பட்டன. வீட்டிலிருந்து வெளியேறிய எதற்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. மாடு இல்லாத வீடுகளும் மதில் கட்டிய சிறு வளவுகளும் பெருகிய பின்னரே அந்த இடங்கள் இல்லாது போயின.

அவ்விடத்தை மீளவும் ஏற்படுத்தும் எளிய வழிகளுள் ஒன்று நொதித்தல் ஆகும். சொல் புதிதாகத் தோன்றினும் செயல் புதிதன்று. இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழஞ்சோறாக்கியதும், தோசை மாவைப் புளிக்க வைத்ததும், பாலுக்கு உறை ஊற்றியதும் நொதித்தலே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகளைக் கொண்டு உணவைக் கெடவிடாது காக்கும் இவ்வித்தையை ஒவ்வொரு வீட்டுப் பெண்மணியும் அறிவார். அழுகுதலும் புளித்தலும் இரண்டுமே நுண்ணங்கிகளின் வேலைதான். எவற்றை வளரவிடுகின்றோர் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

இக்கருத்தை ஒட்டி, ஜப்பானின் ஒக்கினாவாவில் உள்ள ரியூக்கியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் பயனுள்ள நுண்ணங்கிகளின் கலவை ஒன்றை உருவாக்கினார். அதனைத் தவிட்டில் ஏற்றிச் சமையற் கழிவோடு சேர்க்கும் முறை ‘பொகாசி’ எனப் பல நாடுகளிலும் பரவியது. இறுக்கமான மூடியும் அடியில் சிறு குழாயும் உள்ள வாளி ஒன்று இதற்குப் போதும். சாம்பாறு, இரசம் போன்றவற்றின் நீரை வடித்தபின் மிஞ்சிய சோறு, கறி, மரக்கறித் தோல் முதலியவற்றைச் சிறு துண்டுகளாக இட்டு, மேலே நுண்ணங்கித் தவிட்டைத் தூவி, காற்று வெளியேற அழுத்தி மூட வேண்டும். இவ்வாறு நாள்தோறும் அடுக்கடுக்காக நிரப்பலாம். புளித்த மோரின் தெளிநீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்த்துத் தவிட்டைப் பிசைந்து, காற்றுப் புகாது புளிக்க வைத்து வீட்டிலேயே தயாரிப்போரும் உளர்.

வாளி நிறைந்தபின் இரண்டு வாரம் திறவாது வைக்க வேண்டும். உள்ளே இலற்றிக் அமிலம் பெருகுவதால் அழுகச் செய்யும் நுண்ணங்கிகளும் மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகளும் தலையெடுப்பதில்லை. திறக்கும்போது ஊறுகாய் போன்ற புளிப்பு மணம் வந்தால் வேலை நன்றாக நடந்துள்ளது. கடும் நாற்றம் வந்தால் காற்றோ நீரோ மிகுந்துவிட்டது. குழாயில் வடியும் நீரை நூறு மடங்கு நீர் கலந்து பயிருக்கு ஊற்றலாம். வாளியில் உள்ளதைக் கிணற்றிலிருந்து நன்கு விலகி ஓரடி ஆழக் குழியில் இட்டு மண்ணால் மூடினால், மேலும் சில வாரங்களில் அது மண்ணோடு மண்ணாகிவிடும். புளிப்பு அடங்கும்வரை அவ்விடத்தில் கன்று நடலாகாது. சுண்ணாம்புக் கற்பாறை நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேலே ஊற்றுவது கிணற்று நீரை விரைவில் சென்றடையும். ஆதலால் குழியின் இடத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பல்லாண்டு பட்டினி கிடந்த மண்ணை ஒரே போகத்தில் உயிர்ப்பிக்க இயலாது என்பதை அந்த இடர் கற்பித்தது. ஒரு வாளி ஒரு வயலைக் காக்காது. ஆயினும் நாள்தோறும் ஒரு பிடி என்று மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம், ஒரு வீட்டின் கத்தரிக்கும் மிளகாய்க்கும் முருங்கைக்கும் நிச்சயம் உதவும்.

இங்கு அடியார்களிடையே நியாயமாக எழும் ஐயம் ஒன்றுண்டு. எச்சிலைப் பசளையாக்கி, அதில் வளர்ந்த பூவை இறைவனுக்குச் சாத்தலாமா? இதனை எளிதிற் புறந்தள்ள முடியாது. ஆனால் சைவரின் நெற்றியில் விளங்கும் திருநீறு பசுவின் சாணத்திலிருந்தே பெறப்படுகின்றது என்பதை நினைக்க வேண்டும். கழிவு எனப்படுவது தீயினால் தூய்மையுற்று மேலான சின்னமாக முடியுமாயின், மண்ணும் அத்தகைய தூய்மையைச் செய்யவல்லதே. மண் ஐம்பூதங்களுள் ஒன்று. தான் ஏற்றதை அவ்வாறே திருப்பித் தருவதில்லை. எனினும் மனம் ஒப்பாதவர்கள் மரக்கறித் தோல், பழத்தோல் ஆகியவற்றை நந்தவனத்துக்கும், எச்சிற் சோற்றை வெளிவளவுத் தென்னைக்கும் வாழைக்கும் என வேறாக்கலாம். ஆசாரமும் காக்கப்படும், அன்னமும் வீணாகாது.

மற்றோர் ஐயம் இதனினும் ஆழமானது. வாளி இருக்கின்றது என்ற தைரியத்தில் சோற்றை மிஞ்சவிடலாமா? பிராயச்சித்தம் உண்டு என்பதற்காகப் பிழை செய்ய எந்தச் சமயமும் அனுமதிப்பதில்லை. ஓர் அரிசிக்குப் பின்னால் ஒரு போகத்தின் மழையும், கமக்காரரின் முதுகு வலியும், சமைத்தவரின் வியர்வையும் இருக்கின்றன. பசளையாகும்போது இவற்றுள் மிகச் சிறு பகுதியே மீள்கின்றது. ஆதலால் அறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தேவையான அளவே சமைப்பதும் இலையில் இட்டதை உண்பதும் முதலாவது. மிஞ்சிய நல்லுணவை நேரத்தோடு பசித்தவருக்குக் கொடுப்பது இரண்டாவது. விலங்குகளுக்கு இடுவது மூன்றாவது. அதிலும் அளவு வேண்டும். கொட்டிக் கிடக்கும் சோற்றை அளவுமீறித் தின்னும் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி உயிராபத்தும் நேரலாம். இவற்றுக்குப் பின்னரே மண்ணின் முறை வருகின்றது. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கினால் நொதித்தல் ஊதாரித்தனத்துக்கு மூடியாகிவிடும்.

நாள்தோறும் இயற்றத்தக்க ஐந்து வேள்விகளுள் பூதவேள்வியும் ஒன்று. விரத நாளில் காகத்துக்கு வைத்த பின்னரே வீட்டார் உண்பது அதன் தொடர்ச்சியாகும். காகம் கண்ணுக்குத் தெரியும் விருந்தாளி. மண்ணுக்குள் வாழும் புழுவும் நுண்ணுயிரும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள். எல்லோரும் உண்ட பின்னரும் காத்திருந்து, மிஞ்சியதை மட்டுமே ஏற்று, அதற்குக் கைம்மாறாக அடுத்த போகத்துக்கு உணவு தருபவை அவையே. அந்தக் கடைசி விருந்தாளிக்குப் பங்கு வைக்காத அன்னதானம் நிறைவு பெற்றதாகாது.

அடுத்த திருவிழாவில் அன்னதான மடத்தின் பின்புறம் இரண்டு தொட்டிகள் வைக்கப்படட்டும். ஒன்று இலைக்கும் சோற்றுக்கும், மற்றையது பொலித்தீனுக்கும் பிளாஸ்ரிக்குக்கும். இலையை எடுக்கும் தொண்டர்கள் அவற்றை வேறாக்கிப் போடட்டும். சிறுவர்களுக்கு அத்தொண்டின் பொருளைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த மண்ணில் விளைந்த ஒரு சீப்பு வாழைப்பழம் மறு வருடம் அதே சந்நிதியில் படைக்கப்படுமாயின், அன்னத்தின் பயணம் எங்கே முடிகின்றது என்ற கேள்விக்கு அதுவே தக்க விடையாகும்.