சொல்லச் சொன்னதைச் சொன்னவர்

ஒரு தூதர், தான் பல்லாண்டு பாடுபட்டுக் காத்த உறவை முறிக்கும் செய்தியைத் தன் வாயாலேயே சொல்ல நேர்ந்தால் என்ன செய்வார்? ஹான்ஸ் லோதர் ஃபான் ஷ்வைனிட்ஸுக்கு 1890-இல் அது நேர்ந்தது. அவர் சொன்னார்.

சிலேசியாவின் பிரபுக் குடும்பத்தில் 1822-இல் பிறந்தவர். பிரஷ்யப் படையில் வளர்ந்து ஜெனரல் ஆனவர். அக்காலத்தில் பெர்லினுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. பிரஷ்ய மன்னரின் படை அதிகாரி ஒருவர் ரஷ்யப் பேரரசர் சாரின் அருகிலேயே இருப்பார். சாரின் ஆள் ஒருவர் பெர்லினில் மன்னரின் அருகில். அமைச்சர்கள் தலையிடாமல் இரு முடிமன்னர்களும் மனம்விட்டுப் பேச ஒரு தனிவாசல். 1865-இல் ஷ்வைனிட்ஸ் ரஷ்யாவில் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். பிறகு வியன்னாவில் தூதர். 1876 முதல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க்கில், முழுத் தூதராகப் பதினாறு ஆண்டுகள்.

ஆஸ்திரியாவையும் ரஷ்யாவையும் உள்ளிருந்து பார்த்தவர் அவர். பால்கன் நிலத்துக்காக இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஜெர்மனிக்கோ இரண்டும் வேண்டியிருந்தன. 1879-இல் ஆஸ்திரியாவுடன் கூட்டணி கண்ட ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க், 1887-இல் ரஷ்யாவுடனும் மூன்றாண்டுக்கு ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்தார். ஒருவர் இன்னொரு வல்லரசோடு போரிட்டால் மற்றவர் நடுநிலை வகிப்பார். ஆனால் ஜெர்மனி பிரான்ஸைத் தாக்கினாலோ ரஷ்யா ஆஸ்திரியாவைத் தாக்கினாலோ அது செல்லாது. முதலில் அடிப்பவனுக்குத் துணையில்லை என்பதே அதன் சாரம்.

1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவியிழந்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சார் தயார். ஆனால் பெர்லின் வெளியுறவு அலுவலகத்தில் ஹோல்ஸ்டைன் என்ற அதிகாரியும் அவர் சகாக்களும் கோப்புகளைப் புரட்டி முரண்பாட்டைக் கண்டுபிடித்தார்கள். 1883-இல் ருமேனியாவைக் காக்க ஆஸ்திரியா செய்த ரகசிய உடன்படிக்கையில் ஜெர்மனியும் சேர்ந்திருந்தது. அங்கே ரஷ்யாவுக்கு எதிராக ஒரு வாக்கு, இங்கே ரஷ்யாவுக்கே ஒரு வாக்கு. ஷ்வைனிட்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்ற கட்சி. ருமேனியத் தாளைக் காட்டியதும், இரண்டும் ஒத்துப்போகா என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஒப்புதலில்தான் என் மனம் நிற்கிறது. தன் பக்கத்தை எப்படியாவது வாதாடி நிறுத்துவதுதான் ராஜதந்திரியின் இயல்பு. இவர் தாளைப் படித்தார், உள்ளதைச் சொன்னார், பிறகு தன் கருத்துக்கு மாறான முடிவைச் சுமந்துகொண்டு பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். இதைப் படைவீரனின் கீழ்ப்படிதல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை; கீழ்ப்படிய மட்டும் தெரிந்தவர் முதலில் மாற்றுக்கருத்தே சொல்லியிருக்க மாட்டார்.

ரஷ்ய அமைச்சர் கியர்ஸ் அதிர்ந்துபோனார். இறங்கிவந்தார், ஒப்பந்தத்தோடு இருந்த, கருங்கடல் வாசலைப் பற்றிய ரகசிய இணைப்பையே விட்டுவிடுகிறோம் என்றார். பெர்லின் அசையவில்லை.

தர்க்கத்தின்படி பெர்லின் அதிகாரிகள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர்கள் துடைத்தெறிந்த அந்த முரண்பாடுதான் காவலாக இருந்தது. இருபுறமும் வாக்குக் கொடுத்தவனால்தான் இருவரையும் பிடித்து நிறுத்த முடியும். ஒருபுறம் மட்டும் வாக்குள்ளவன், அந்தப் பக்கத்துக்காரன் போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டியவனாகிறான். கோப்பில் கறையாகத் தெரிவது சிலசமயம் உறவின் தையலாக இருக்கும். தையலைப் பிரித்துத் துணியைச் சுத்தமாக்கினார்கள். பீட்டர்ஸ்பர்க்கின் முகங்களைப் பல்லாண்டு பார்த்திருந்த ஷ்வைனிட்ஸுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்ததை மெய்ப்பிக்க அவர் கையில் தாள் எதுவும் இல்லை.

1892-இல் அவர் விடைபெற்றார். பெர்லின் அவருக்குப் பதிலாக இன்னொரு ஜெனரலை, ஃபான் வெர்டரை, அனுப்பியது. ரஷ்ய அரச குடும்பத்தோடு பல்லாண்டுப் பழக்கம் உள்ளவர். பழைய நெருக்கம் திரும்பும் என்ற கணக்கு. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சு, ரஷ்யத் தளபதிகள் படை உடன்படிக்கையின் வரைவில் கையெழுத்திட்டிருந்தார்கள். 1894 ஜனவரிக்குள் அது உறுதியும் ஆனது. வெர்டர் அப்போதும் பீட்டர்ஸ்பர்க்கில் தூதராகத்தான் இருந்தார்.