எஞ்சினைப் படிக்கிறவன்

காசு கொடுத்து வண்டி வாங்கியவனுக்கு, அந்த வண்டிக்குள் எழுதியிருப்பதைப் படிக்க உரிமை உண்டா? படிக்கலாம் என்றால் திருத்தி எழுதவும் உரிமை உண்டா? இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தோன்றும். ஒன்றல்ல. இரண்டையும் போட்டுக் குழப்புவதில் பெரிய கம்பெனிக்கும் ஆதாயம் இருக்கிறது, பவர் ஏற்றித் தருகிறேன் என்று கடை விரிக்கிறவனுக்கும் ஆதாயம் இருக்கிறது.

எஞ்சினில் என்னய்யா எழுத்து என்று கேட்கலாம். முன்னால் இல்லைதான். பழைய லாரிகளில் டீசல் பம்ப் இருந்தது. அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகணும் என்பதை ஒரு ஸ்குரூ முடிவு செய்தது. அந்த ஸ்குரூவைக் கம்பியால் கட்டி ஈயத்தில் முத்திரை வைத்து அனுப்புவார்கள். பட்டறையில் பம்ப் வேலை பார்க்கிறவர் முத்திரையை அறுப்பார், திருகுவார், புகையின் நிறத்தைப் பார்ப்பார், சத்தத்துக்குக் காது கொடுப்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகள்கூட அந்த வித்தையைக் கையால் கற்றுக்கொள்ள முடிந்தது. (நம் காதில் காய்ச்சி ஊற்றச் சொன்னதும் ஈயம்தான். பூட்டுக்கென்றே பிறந்த உலோகம் போல!)

இப்போது ஸ்குரூவின் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. எந்த நொடியில் இஞ்செக்டர் திறக்கணும், எத்தனை மில்லிகிராம் டீசல், ரெயிலில் என்ன அழுத்தம் எல்லாம் அதற்குள் எண்களாகக் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து அந்த எண்களை லேப்டாப்பில் இறக்கிப் பார்க்கிற புதுப்பையனுக்கு முதலில் தலை சுற்றும். சில பழைய பெட்டிகளிலேயே 512 கிலோபைட், அதாவது அஞ்சு லட்சத்துக்கும் மேல் எண்கள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது. ஆனால் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கப் பிடிபடும். 2, 238 என்று இரண்டு எண் பக்கம்பக்கமாக இருந்தால், 2ஐ 256ஆல் பெருக்கி 238ஐக் கூட்டு: 750. அடுத்தது 3, 232: 1000. அதற்கடுத்து 1250, 1500 என்று ஏறிக்கொண்டே போகிறதா? அது எஞ்சின் சுற்றும் வேகம். அட்டவணையின் ஒரு ஓரம் கையில் சிக்கிவிட்டது. இன்னொரு ஓரத்தில் உள்ளே போகும் காற்றின் அளவு, நடுவில் டீசல் அளவு என்றால் அது புகைக்கு வரம்பு கட்டுகிற அட்டவணையாக இருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கணும். ஒரு எண்ணை மாற்றினால் கடைசியில் உள்ள கூட்டுத்தொகைச் சரிபார்ப்பும் மாறணும், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். அதனால்தான் பழகுகிறவனுக்கு முதல் பாடம், கை வைக்கும் முன் ஒரிஜினலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள் என்பது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த அட்டவணை எங்கே இருக்கிறது, பெயர் என்ன, அளவை என்ன என்று எல்லாம் எழுதிய குறிப்புக் கோப்பு கம்பெனியிடம் இருக்கிறது. அது கையில் இருந்தால் பல மாத உழைப்பு ஒரு மத்தியான வேலை. ஆக, இந்த அறிவு கஷ்டமானது என்பதால் நமக்கு எட்டாமல் இல்லை. அகராதியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வேதமும் கஷ்டம் என்பதற்காகவா மறுக்கப்பட்டது? கேட்டவன் காதில் ஈயம், ஓதியவனுக்கு நாக்கறுப்பு என்கிற விதியை 'சாதி ஒழிப்பு' நூலில் (1936) எடுத்துக்காட்டும் அம்பேத்கர், தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது என்கிறார்.

பூட்டியவன் யோக்கியன்தானா என்று பார்த்தால், ஃபோக்ஸ்வேகன் கதை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அவர்களில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோரும் இருந்தார்கள், டீசல் கார்களின் பின்னால் அளவுக்கருவியைக் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவு: ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் சுத்தமாக ஓடு, ரோட்டில் இஷ்டம்போல் கக்கு என்று மென்பொருளில் எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அந்த டிசம்பரில் ஹாம்பர்க் மாநாடு ஒன்றில் ஃபெலிக்ஸ் டோம்கே பெட்டிக்குள் இருந்த நிரலையே பிரித்துப் படித்துக் காட்டினார். கம்பெனியின் அமெரிக்கத் தலைவரோ நாடாளுமன்றக் குழு முன்னால், ஓரிரு மென்பொருள் பொறியாளர்கள் செய்த வேலை என்று கை கழுவினார். மேலே இருப்பவன் எந்த ஊரிலும் இப்படித்தான் பேசுவான்.

வேடிக்கை என்னவென்றால், அதே முகமைதான் அந்த ஜூலையில், வண்டிக்காரர்கள் மென்பொருளைத் திறக்க அனுமதிக்கக் கூடாது, திறந்தால் மாசு கூடும் என்று கடிதம் எழுதியிருந்தது. பூட்டுக்குள்ளே மோசடி உட்கார்ந்திருந்த நேரத்தில் பூட்டுக்குக் காவல்! ஆனாலும் அந்தக் கடிதத்தில் சொன்ன பயத்தைப் பொய் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. 2015 அக்டோபரில் விலக்கு வந்தது. அதிலும், சொந்தக்காரன் தானே திறக்கலாம், அவனுக்காக மெக்கானிக் திறக்கக் கூடாது என்றிருந்தது. 2018இல்தான் அது மாறியது. உடைமைக்கு உரிமை, உழைப்புக்குக் காத்திருப்பு.

"என் வண்டி, நான் என்னமோ பண்றேன், உனக்கென்ன?" திருத்தி எழுதப் பழகும் தம்பிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். தம்பி, "என் கிணறு, உனக்கென்ன" என்று சொல்லித்தான் நம்மைத் தண்ணீருக்குக் கையேந்த வைத்தார்கள். சொந்தம் என்பதை வைத்து நாம் வாதாட முடியாது. படிக்கிற உரிமை வேறு இடத்திலிருந்து வரணும். அந்தப் பெட்டியில் எழுதியிருப்பது என் மூச்சில் வந்து விழுகிறது, அதனால் படிக்கிறேன். அப்படிப் பார்த்தால் வண்டியே இல்லாதவளுக்கும், விடியற்காலையில் ரோடு கூட்டுகிற துப்புரவுத் தொழிலாளிக்கும், நெடுஞ்சாலை ஓரத்துச் சேரிப் பிள்ளைக்கும் அதைப் படிக்க உரிமை உண்டு. சொல்லப்போனால் முதல் உரிமையே அவர்களுக்குத்தான். வர்ஜீனியாக்காரர்கள் பெட்டியைத் திறக்கவில்லை. புகைக்குழாய்ப் பக்கம் நின்று படித்தார்கள். நம் ஆட்கள் நிற்கிற இடம் அது.

திருத்துகிறவன் பதில் சொல்ல வேண்டியதும் அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்குத்தான். புகையை மறுசுழற்சி செய்கிற வால்வை நிரலில் மூடிவிடுவதும், கரித்தூள் வடிகட்டியை அறுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை ஏமாற்றுவதும் ஃபோக்ஸ்வேகன் செய்ததன் சில்லறை வியாபாரம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. கறுப்பாக வந்தாலாவது விலகி நிற்கலாம்.

ஆனால் கடன் வாங்கி ஒரே ஒரு வண்டி ஓட்டுகிறவரின் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. புதுசு மாட்டக் காசில்லை, தவணை நிற்கிறது, கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் கோளாறையும் படிக்க முடியவில்லை. அறுத்துவிடுங்கள் என்கிறார். அவரைத் திட்ட எனக்கு நாக்கு எழவில்லை. கோளாறைப் படிக்கும் குறிப்பும் சுத்தம் செய்யும் வழியும் பூட்டில்லாமல் பட்டறைக்கு வந்திருந்தால் அவர் அறுக்கச் சொல்லியிருக்க மாட்டார். மேலே இருக்கிறவன் செலவைக் கீழே தள்ளுகிறான், இவர் இன்னும் கீழே தள்ளுகிறார். அதற்கும் கீழே நிற்கிறவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.