ஊழியம் என்று சொல்லிவிட்டால் கூலி வேண்டாமா?



நம் சபைகளில் நர்சு வேலை பார்க்கும் சகோதரிகள் அநேகர் உண்டு. வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் முதலில் அவர்களிடம்தான் ஓடுகிறோம். “கொஞ்சம் பிரஷர் பாருங்கம்மா” என்கிறோம். “நீங்க செய்றது வேலை இல்லம்மா, ஊழியம்” என்று வாயார வாழ்த்துகிறோம். நல்லது! ஆனால் அதே சகோதரி, “சம்பளம் பத்தலை, விட்டுடலாம்னு இருக்கேன்” என்று சொன்னால் நம் முகம் ஏன் மாறுகிறது? “ஊழியம்னு வந்துட்டு காசைப் பார்க்கலாமா?” என்று ஏன் கேட்கத் தோன்றுகிறது?

அன்போடு செய்யும் வேலைக்குக் கூலி கேட்பது தவறா? இதை இன்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

நல்ல சமாரியன் கதையை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! ஆசாரியனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோம், லேவியனைப் பற்றிக் கேட்டோம். சத்திரக்காரனைப் பற்றி யாராவது பேசினார்களா? சமாரியன் மறுநாளே புறப்பட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தக் காயப்பட்டவனுக்குக் கஞ்சி கொடுத்து, கட்டு மாற்றி, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியது யார்? சத்திரக்காரன்தான். சமாரியன் அவனிடம், “புண்ணியமாய்ப் போகும், பார்த்துக்கொள்” என்றா சொன்னான்? இல்லையே! இரண்டு வெள்ளிக்காசைக் கையில் வைத்தான். அந்தக் காலத்தில் ஒரு காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதற்கு மேல் செலவானாலும் திரும்பி வரும்போது தீர்த்துவிடுவதாக வாக்கும் கொடுத்தான். அவன் இரக்கம் பாதியில் நிற்கவில்லை. பார்த்துக்கொள்கிறவன் நஷ்டப்படக் கூடாது என்கிற வரைக்கும் போயிற்று.

“பவுல் கூடாரம் செய்து பிழைத்தாரே, யாரிடமும் வாங்கவில்லையே” என்று சிலர் கேட்கலாம். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 9ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். வாங்குவதற்குத் தனக்கு உரிமை உண்டு என்று முதலில் நிலைநாட்டுகிறார். அதன் பிறகே, தாமாக அதை விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறார். விட்டுக்கொடுப்பது வேறு, பிடுங்கிக்கொள்வது வேறு. ஒரு சகோதரி தன் வேலையைத் தானே ஊழியம் என்று சொன்னால் அது அவளுடைய காணிக்கை. அவளிடம் வேலை வாங்குகிறவன் அதையே சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தால், அவன் அடுத்தவர் காணிக்கையைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அவள் அதை ஊழியம் என்று சொல்லட்டும். நாம் அதைக் கடன் என்றே சொல்ல வேண்டும்.

2020 மார்ச் 22ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் கை தட்டினோம், தட்டும் தட்டினோம். மே 3ஆம் தேதி மருத்துவமனைகளின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். ஆனால் அந்தக் கொரோனா நாட்களில் தமிழ்நாட்டில் அவசரமாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகளில் 2,000 பேருக்கு மேல், 2022 டிசம்பர் 31ஓடு வேலை முடிந்தது என்ற உத்தரவைக் கையில் வாங்கினார்கள். வேறு தற்காலிக வேலை தருவதாகப் பிறகு அரசு சொன்னது. ஆனாலும் பூ தூவின கைக்கும் உத்தரவு கொடுத்த கைக்கும் நடுவே மூன்று வருஷம்கூட இல்லையே!

அதற்கு முன்பு 2015ல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். தனியார் மருத்துவமனைகளைப் பற்றி 2016ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நிறைவேற்றுவது மாநிலங்களின் கையில் விடப்பட்டது. கேரளாவில் நர்சுகள் போராடி, 2018ல் அதை அரசாணையாகவே பெற்றார்கள்.

“நர்சுங்க எல்லாம் துபாய்க்கும் லண்டனுக்கும் போயிடறாங்க” என்று குறை சொல்கிறோம். ஏன் போகிறார்கள்? அசல் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டி வைத்தால் ஆள் நிற்கலாம், மனது நிற்குமா? நியாயமான சம்பளம், ஓய்வு, மரியாதை இந்த மூன்றும் இருக்கிற இடத்தை விட்டு யார் சும்மா ஓடிப்போவார்கள்?

அரசாங்கத்தையும் ஆஸ்பத்திரியையும் சொல்வது சுலபம். நம் வீட்டுக்குள் பார்ப்போமா? படுத்த படுக்கையாய் இருக்கும் தாயையோ தகப்பனையோ பார்க்க ஆள் வைத்திருக்கிறோமே, அந்தம்மாவுக்கு வாரம் ஒரு நாள் லீவு உண்டா? ராத்திரி கண் விழித்தவளைப் பகலில் தூங்க விடுகிறோமா? சூடாகச் சாப்பாடு போடுகிறோமா, மீந்ததா? அன்றன்றைய கூலியை அன்றே கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். நாமோ, “பத்தாம் தேதிக்கு மேல பார்க்கலாம்” என்கிறோம்!

மருத்துவமனையோ முதியோர் இல்லமோ நடத்துகிற சகோதரரே, கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கொடுப்பது ஒரு தொகை என்ற கணக்கு உங்களிடம் வேண்டாம். சபையாரே, நைட் டியூட்டி முடித்த சகோதரி ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்றால், “ஏன் வரல?” என்று கேட்பதற்கு முன், “சாப்பிட்டியாம்மா? தூங்கினியாம்மா?” என்று கேளுங்கள். முடிந்தால் அவள் பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு நீங்களே கூட்டி வாருங்கள். அவள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கட்டும்.

வாழ்த்துங்கள், ஜெபியுங்கள், சாட்சியாகவும் சொல்லுங்கள். ஆனால் அந்த இரண்டு வெள்ளிக்காசை மறந்துவிடாதேயுங்கள். நம்மைத் தாங்குகிறவர்களைத் தாங்கும் மனதைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக. ஆமென்.