நின்றதால் வந்த பழுது

ஒரு பழுதின் காரணத்தைத் தேடுகிறவன் ஒரே சமயத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறான். என்ன நடந்தது என்பது ஒன்று; யாரால் நடந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்குக் கோபமே போதுமானது. அதனால்தானோ என்னவோ, நாம் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டு, முதலாவதற்கும் அதுவே விடை என்று இருந்துவிடுகிறோம். பதினான்கு வருஷம் ஷெட்டில் கிடந்த ஒரு அம்பாஸிடரைத் திறந்து பார்த்தபோது இது எனக்குப் புரிந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான்.

வண்டி 1984இல் அப்பா வாங்கியது. இருபத்தைந்து வருஷம் அவரைத் தவிர வேறு யாரும் அதை அதிகம் ஓட்டியதில்லை. 2009 மே மாதம் தம்பி அதைத் தேனிக்கு எடுத்துப்போனான். மதுரைக்குத் திரும்பும் வழியில், ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, உசிலம்பட்டிக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சூடு காட்டும் முள் ஏறியிருந்ததைத் தான் பார்த்ததாகவும், இறக்கத்தில் தணிந்துவிடும் என்று நினைத்து ஓட்டியதாகவும் தம்பியே சொன்னான். அந்த ஒப்புதல் போதுமானதாக இருந்தது. 'எஞ்சினைத் தீய்ச்சுட்டான்' என்றார் அப்பா. பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. என்னிடம் இருபத்தைந்து வருஷம் ஓடியது, அவனிடம் ஒரு நாளில் நின்றது என்பது அவருடைய தர்க்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நானும் அவர் சொன்னதை ஆமோதித்தேன். படிக்காத புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்களை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

தம்பி அந்த வருஷமே வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனான். வண்டி தார்ப்பாயின் கீழ் போயிற்று. 2014இல் அம்பாஸிடர் உற்பத்தியே நின்றது. 2019இல் அப்பா இறந்தார். 2023இல் வீட்டை விற்க நேர்ந்தபோது, ஷெட்டைக் காலி செய்தாக வேண்டியிருந்தது. எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு பழைய மெக்கானிக்கை அழைத்தேன்.

புது பாட்டரி போட்டுச் செல்ஃப் அடித்துப் பார்க்கலாமே என்றேன். அவர் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினில் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். பாகங்களின் மேலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து கீழே போயிருக்கும். அந்த நிலையில் பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், போர் கீறும். பிறகு எந்தக் கீறல் பழையது, எந்தக் கீறல் இன்று விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சோதிக்கிறவனும் ஒரு காரணமாகிவிடுகிறான். ஆகவே நாலு பிளக்கையும் கழற்றி, துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் சும்மா இருந்தார். அந்த இரண்டு நாள்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

மற்றவற்றைப் பார்ப்பதற்கு அது அவகாசம் தந்தது. டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும் பகுதியை இழந்து, வார்னிஷ் நாற்றமடிக்கும் பழுப்புத் திரவமாகியிருந்தது. கார்புரேட்டரில் அதுவே பிசினாகி ஜெட்டுகளை அடைத்திருந்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டன. ஹாண்ட் பிரேக்கைப் போட்டே நிறுத்தியிருந்தோம். பின்சக்கரங்களில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருந்தது. தார்ப்பாய் மழையைத் தடுத்தது உண்மை. தரையிலிருந்து ஏறிய ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்ததும் அதுதான்.

குறளின் மருந்து அதிகாரம் நோயை அறிவதையும் அதன் காரணத்தை அறிவதையும் தனித்தனிக் காரியங்களாக வைக்கிறது. நின்ற வண்டியின் விஷயத்தில் இந்தக் காரணம் மூன்று அடுக்காக இருக்கிறது. நிற்பதற்கு முன்பே இருந்த பழுது ஒன்று. நின்றதால் வந்த பழுது இரண்டாவது. எழுப்பப் போனவன் உண்டாக்கும் பழுது மூன்றாவது. சீர் செய்கிறேன் என்று புதுப் பெட்ரோல் ஊற்றினால்கூட, இன்று அதில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, பார்ப்பவன் கண்ணுக்கு ஒரே பழுதாகத் தெரிகின்றன. அதற்கு ஒரே பெயர் வைக்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தம்பியின் பெயராக இருந்தது.

மூன்றாம் நாள், முன்பக்கப் புல்லியில் ஸ்பானர் போட்டு மெதுவாகத் தள்ளியதும் எஞ்சின் சுற்றியது. எஞ்சின் இறுகிப்போகவில்லை என்பது அப்போதே தெரிந்தது. பிரஷர் பார்த்தோம். ஒன்றிலும் நாலிலும் 100 பவுண்டு, இரண்டில் 95, மூன்றில் மட்டும் 30. அதிகச் சூட்டில் ஹெட் கேஸ்கெட் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போயிருந்தால், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் சேர்ந்து குறையும். அப்படிக் குறையவில்லை. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அழுத்தம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியானால் கோளாறு வால்வில்.

ஹெட்டைக் கழற்றினோம். கேஸ்கெட் முழுசாக இருந்தது. இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்ததில் ஹெட் வளைந்திருக்கவில்லை. சூட்டில் பிஸ்டன் பிடித்திருந்தால் சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருக்கும். நாலிலும் கீறல் இல்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் விளிம்பிலும், அது அமரும் வளையத்திலும் துருவால் குழிந்திருந்தது. இந்த மாதிரி எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தபடியே நிற்கும் என்று விளக்கினார். பதினான்கு மழைக்காலத்தின் ஈரம் சைலன்ஸர் குழாய் வழியாக அந்தத் திறப்புக்கு வந்துபோயிருக்கிறது.

'இது ஓடிக் கெட்டதில்ல சார். நின்னு கெட்டது' என்றார்.

அப்படியானால் அன்றைக்கு ஏன் நின்றது? டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தார். பாயிண்ட்கள் வெளுத்துப் பூத்திருந்தன. கண்டென்ஸர் போயிருந்தது. உசிலம்பட்டி ரோட்டில் வண்டியை நிறுத்தியது இந்தக் கண்டென்ஸராக இருக்கலாம். சூட்டில் அது போவதுண்டு. ஷெட்டில் கிடந்து பிற்பாடு போனதாகவும் இருக்கலாம். எது என்று இனிச் சொல்வதற்கில்லை என்றார். அன்றே பார்த்திருந்தால் அரைமணி நேர வேலை.

இந்த இடத்தில்தான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. காலம் சாட்சியத்தை அழித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் காலம் தானாக அந்த ஷெட்டுக்குள் நுழையவில்லை. கதவைப் பூட்டியது நாங்கள். குற்றம் சாட்டியவர்களின் வசத்திலேயே சாட்சியமும் இருந்தது. அதை மூடிவைத்தோம், மூடிவைத்ததால் அது கெட்டது, கெட்டதைக் காட்டி, எவ்வளவு பெரிய சேதம் பார் என்று மனசுக்குள் தீர்ப்பை உறுதி செய்துகொண்டோம். ஒவ்வொரு வருஷத்துத் துருவும் தம்பியின் கணக்கில் ஏறியது. அப்பாவைப் பொறுத்தவரை இது கோபம். எனக்குக் கோபம்கூட இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாதவன்மேல் பழி இல்லை என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்திருக்கிறேன். அந்த வண்டியில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் இருந்ததால் வந்தவை.

அன்றிரவு தம்பிக்குப் போன் செய்தேன். எஞ்சின் தீயவில்லை என்பதைச் சொன்னேன். கேஸ்கெட்டைப் பற்றியும் மூன்றாவது சிலிண்டரைப் பற்றியும் தேவைக்கு அதிகமாகவே விளக்கினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண்டென்ஸர் என்று சொன்னதும்தான் குறுக்கிட்டான்.

'அன்னைக்கே சொன்னேனே அண்ணே. பிளக் வயரக் கழட்டிப் பாத்தேன், ஸ்பார்க் வரலேன்னு.'

அவன் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பான்.